நாற்பத்து நான்காவது ஆள்

யெல்மரீட் ஊரில் எவர்ட் ஸ்டோல்பெர்க் ஏறாத கூரை கிடையாது. முப்பத்தெட்டு வருடம் புகைக்கூண்டு சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். எந்த வீட்டில் ஈர விறகை எரிக்கிறார்கள், எந்த வீட்டில் பால் வாங்கிய அட்டைப்பெட்டியையெல்லாம் அடுப்பில் திணிக்கிறார்கள் என்று கரியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அத்தனை வீடுகளில் எதிலாவது உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாரா என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கரி அப்பிய உடுப்போடு வருகிறவரை யாரும் சோபாவில் உட்காரச் சொல்வதில்லை. வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்த விவெக்கா என்ற பெண் ஏழு வருடம் அவரோடு அந்த வீட்டில் இருந்தாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மார்ச் மாதம் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, "நீ வீட்ல இருக்கியா இல்லையான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது எவர்ட்" என்றாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய காரில் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஓடிவிட்டது. ஒரே அக்கா நார்வேயில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தொலைபேசியில் கூப்பிடுவாள்.

அவருக்கென்று இருந்தது காட்டோட்டம். வரைபடமும் திசைகாட்டியும் கையில் பிடித்துக்கொண்டு, காட்டுக்குள் அங்கங்கே கட்டியிருக்கும் கொடிகளை வரிசை தவறாமல் கண்டுபிடித்து ஓடி வர வேண்டிய போட்டி. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதல் பல் மருத்துவர் வரை எல்லாரும் ஒரு தடவையாவது ஓடியிருப்பார்கள். எவர்ட் ஓட்டத்தில் கெட்டிக்காரர் அல்ல. ஐம்பது வருடத்தில் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. கொடியை எங்கே கட்டலாம் என்று யோசிப்பதில்தான் அவருக்கு ருசி. எந்தப் பாறைக்குப் பின்னால் கட்டினால் ஓடி வருகிறவன் ஒரு நிமிடம் திகைப்பான், எந்தச் சதுப்பைக் காட்டினால் சுற்றிப் போவதா குறுக்கே போவதா என்று தடுமாறுவான் என்றெல்லாம் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் யோசிப்பார். ஜனவரி மூன்றாம் ஞாயிறு நடக்கும் குளிர்கால ஓட்டத்தைப் பத்தொன்பது வருடமாக அவர்தான் நடத்தி வந்தார்.

குளிர்காலத்தில் இது லேசுப்பட்ட வேலை அல்ல. கோடையில் கொடியைக் கட்டிவிட்டு வந்தால் முடிந்தது. பனி கிடக்கும்போது, கட்டப் போனவனின் கால்தடமே கொடி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் எவர்ட் பொய்த்தடம் போடுவார். ஒன்றுமே இல்லாத இடங்களுக்கெல்லாம் முழங்கால் ஆழப் பனியில் நடந்து போய், ஒரு பாறையைச் சுற்றி, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறித் திரும்பி வருவார். வெள்ளியும் சனியும் முழுக்க அதுவே வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவர்கள் பார்த்தால் ஒரு கூட்டமே காட்டில் உலாவியது போலத் தெரியும். நடந்தது அவர் ஒருவர்தான்.

ஓட்டம் நடக்கும் ஓர்மோசன் காடு இங்கெயார்ட் ஃப்ரீட் என்கிற அம்மாளுக்குச் சொந்தம். அறுபது பசு, காட்டோரம் பண்ணை. வாய் கொஞ்சம் காரம். காட்டோட்டச் சங்கத்தில் வேறு யாரும் அவரிடம் போய் அனுமதி கேட்கத் துணிய மாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு அக்டோபரும் எவர்ட்தான் போவார். அந்த வருடமும் போனார். இங்கெயார்ட் தொழுவத்து வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா புகைக்கூண்டு? போன வருஷம் நான் நட்ட கன்னுல எத்தனையை உன் ஆளுங்க மிதிச்சாங்க தெரியுமா?"

"பதினொண்ணு" என்றார் எவர்ட். ஓட்டம் முடிந்த மறுநாளே போய் எண்ணியிருந்தார்.

"பன்னெண்டு."

"ஒண்ணு முயல் கடிச்சது. நான் பாத்தேன்."

இங்கெயார்ட் பூட்ஸை உதறிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். கடைசியில், வழக்கம்போல, கன்று நட்ட பகுதிக்குள் யாரும் போகக்கூடாது, முற்றத்தில் கார் நிறுத்திக்கொள்ளலாம், பால் லாரிக்கு வழி விட்டாக வேண்டும், ஒரு குப்பை கிடக்கக்கூடாது என்று சட்டமெல்லாம் சொல்லி ஒத்துக்கொண்டார். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை, எவர்ட்டும் எதிர்பார்க்கவில்லை.

ஓட்டத்து நாள் காலை சூரியன் எழும் முன்பே எவர்ட் போய்ச் சேர்ந்தார். பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி குளிர். முற்றத்தில் ஒரு கார்கூட இல்லை. எல்லாரும் வந்த பிறகு தள்ளி நிறுத்திக்கொள்ளலாம் என்று பால் அறைக்குப் பக்கத்திலேயே காரை விட்டுவிட்டு, கைப்பேசியை அதிலேயே சார்ஜில் போட்டுவிட்டு, கூடாரம் அடிக்கப் போனார். அதற்குப் பிறகு காரைத் தள்ளி நிறுத்தும் நினைப்பே அவருக்கு வரவில்லை.

நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். சங்கச் செயலாளர் போன்டுஸ், நாற்பது வயதுக்காரர், மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதினார். இந்தப் போட்டியில் ஒரு கட்டளை உண்டு: பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் சரி, வழிதவறி வந்தாலும் சரி, மேசைக்கு வந்து வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் யாரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் மற்ற எல்லாரும் தேடப் போயாக வேண்டும். ஒன்றரை மணிக்குக் கடைசி ஆளும் வந்து சேர்ந்துவிட்டார். மருத்துவமனை சமையலறையில் வேலை செய்யும் பெண்மணி. ஆறாவது கொடியைத் தேடி முக்கால் மணி நேரம் சுற்றியிருக்கிறார். "உங்க மேல எனக்கு ரொம்பக் கோவம்" என்று சிரித்துக்கொண்டே எவர்ட்டிடம் சொல்லிவிட்டு, சூடான புளூபெர்ரி சூப்பை வாங்கிக்கொண்டார். எவர்ட்டுக்கு அன்று கிடைத்த பாராட்டு அது. அதுவே போதும் என்றிருந்தது.

போன்டுஸ் பட்டியலில் கடைசிப் பெயரையும் அடித்தார். இரண்டு மணிக்குள் ஓடியவர்கள் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். கொடிகளைத் திரும்ப எடுத்துவர இரண்டு பேர் போவது வழக்கம். போன்டுஸின் மகளுக்கு மூன்று மணிக்கு ஹாக்கி ஆட்டம் இருந்தது.

"ஆட்டத்துக்கு நான் வேணா என் மனைவிய போகச் சொல்றேன்" என்று கைப்பேசியை எடுத்தார் போன்டுஸ்.

"எதுக்கு? பதினெட்டுக் கொடி. ரெண்டு மணி நேர வேலை. நீ கிளம்பு."

"தனியாவா?"

"காட்டுக்குள்ள நான் என்னைக்குத் துணையோட போனேன்?" என்றார் எவர்ட். அதில் பெருமைகூட இருந்தது. போன்டுஸ் கூடாரத்தையும் சூப் பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஒன்பதாவது கொடியை அவிழ்த்துப் பையில் போட்டபோது மணி மூன்று ஆகவில்லை. பத்தாவது கொடி பாறைச்சரிவுக்குக் கீழே இருந்தது. வீடளவு பாறைகளும் மேசையளவு பாறைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் இடம், எல்லாவற்றின் மேலும் ஒரே சமமாகப் பனி மூடியிருந்தது. முந்தின நாள் சுற்றுவழியாகத்தான் போயிருந்தார். இன்றைக்கு வெளிச்சம் போவதற்குள் முடித்துவிடலாம் என்று குறுக்கே இறங்கினார். நாலாவது அடியில் இடது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே தொடை வரை உள்ளே போய்விட்டது. உடம்பு மட்டும் முன்னால் போனது. காய்ந்த சுள்ளியை ஒடிப்பது போன்ற சத்தம் அவருக்கே கேட்டது.

காலை வெளியே இழுப்பதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. பாதம் போகக்கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பிறகு, கணக்காக வேலை செய்து பழகியவர் இல்லையா, நிலைமையைக் கணக்காக யோசித்துப் பார்த்தார்.

கைப்பேசி காரில். எவர்ட் வீட்டுக்குப் போயிருப்பார் என்று போன்டுஸ் நினைத்துக்கொள்வார். நாளைக்கு வேலைக்கு வரவில்லையே என்று கேட்க ஆளில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதம் முழுக்கத் தாய்லாந்தில். அக்கா இனி ஈஸ்டருக்குத்தான் கூப்பிடுவாள். வியாழக்கிழமை சங்கத்தில் உள்ளரங்கப் பயிற்சி உண்டு. அன்றைக்குத் தன்னைக் காணோமே என்று யாராவது நினைக்கலாம். நினைத்தாலும் சளி பிடித்திருக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆக, தேடி வந்தால் வெள்ளிக்கிழமை. ஒருவேளை அடுத்த வியாழன்.

இதை அவர் அழுதுகொண்டு யோசிக்கவில்லை. ஒரு வீட்டுப் புகைக்கூண்டில் எங்கே அடைத்திருக்கிறது என்று தேடுவது போலத்தான் யோசித்தார். ஆனால் தேடி முடித்த பிறகு நெஞ்சுக்குள் ஏதோ உறைந்துவிட்டது. காலின் வலியைவிட அது தாங்க முடியாமல் இருந்தது. இந்த ஊரில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பெயர் சொல்லித் தெரியும். இன்று ராத்திரி அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் ஒருத்தர்கூட இல்லை. யார் மீதும் குற்றமில்லை. யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை. வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன், நீ கிளம்பு என்று ஐம்பது வருடமாக ஒவ்வொருவரையும் அவரேதான் அனுப்பி வைத்திருக்கிறார்.

கழுத்தில் விசில் தொங்கியது. நிமிடத்துக்கு ஆறு தடவை ஊத வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவரே அவர்தான். வாயில் வைத்தவருக்கு ஊத வெட்கமாக இருந்தது. யாரும் இல்லாத காட்டில், சாகக்கூடிய குளிரில், வெட்கம். ஒரு தடவை மெதுவாக ஊதினார். ஒரு மரத்திலிருந்து பனி கொஞ்சம் சரிந்து விழுந்தது. பிறகு நாலைந்து தடவை ஊதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கொடிகளின் கயிற்றை அவிழ்த்து, இரண்டு குச்சி வைத்துக் கணுக்காலைக் கட்டினார். மர லாரிகள் போகும் பாதை வடக்கே நானூறு மீட்டர். உட்கார்ந்த வாக்கில், பின்பக்கமாகக் கைகளை ஊன்றி நகர்ந்தார். பத்து நகர்வு, ஓய்வு. பத்து நகர்வு, ஓய்வு. பாறைச்சரிவைத் தாண்டி மர அடர்த்திக்குள் வந்தபோது வெளிச்சம் நீலமாகிவிட்டது. பிறகு எட்டு நகர்வு, ஓய்வு என்றாயிற்று. பிறகு ஐந்து. கையுறை நனைந்து விறைத்துவிட்டது. நடுக்கம் நின்றுபோனதைக் கவனித்தார். அது நல்லதற்கில்லை என்பதும் அவருக்குத் தெரியும். நூற்றைம்பது மீட்டர் வந்திருப்பார். ஓர் ஊசியிலை மரத்தடியில் சாய்ந்தவருக்கு, இங்கேயே கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் தூரத்தில் ஒரு விளக்கு இங்கும் அங்கும் ஆடியது. கூடவே ஒரு குரல். யாரையோ திட்டிக்கொண்டே வந்தது. காது கொடுத்துக் கேட்டார். தன்னைத்தான்.

எவர்ட் விசிலை எடுத்தார். இந்த முறை வெட்கமெல்லாம் வரவில்லை. நெஞ்சு வலிக்கும் மட்டும் ஊதினார்.

நடந்தது இதுதான். நாலு மணிக்கு வந்த பால் லாரி, திரும்ப இடமில்லாமல், பால் அறைப் பக்கத்தில் நின்ற காரைத் தவிர்க்கப் பின்னால் நகர்ந்தபோது இங்கெயார்டின் தபால் பெட்டியை இடித்துத் தள்ளிவிட்டது. லாரிக்காரர் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுப் போனார். கார் யாருடையது என்று இங்கெயார்டுக்குத் தெரியும். நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, பிடித்து நாலு கேள்வி கேட்டுவிடுவதென்று காட்டுக்குள் கிளம்பிவிட்டார். தடத்தைப் பிடித்துப் போனால் அது ஒரு பாறையைச் சுற்றித் திரும்பி வந்தது. இன்னொன்று பள்ளத்தில் இறங்கி ஏறி முடிந்தது. ஐந்து தடம் அப்படிப் போய்ப் பார்த்த பிறகு கோபம் இன்னும் ஏறிவிட்டது.

"காடு பூரா நீ ஒருத்தனே நடந்து வெச்சிருக்கியேடா!" என்று கத்திக்கொண்டே கிளைகளை விலக்கி வந்தார். "உன் காரை எங்க விட்டிருக்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். மன்னிச்சுக்க" என்றார் எவர்ட். நாக்கு சரியாகப் புரளவில்லை. "கணுக்கால் உடைஞ்சிருச்சு போல."

விளக்கு அவர் முகத்தில் நின்றது. பிறகு காலுக்குப் போனது.

"எப்பலேர்ந்து கெடக்க?"

"மூணுலேர்ந்து."

"உன் ஆளுங்க எங்க?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

"ஏன், எண்ணிப் பாக்க மாட்டீங்களா?"

"எண்ணினோம். நாப்பத்திமூணு பேரும் வந்துட்டாங்க."

இங்கெயார்ட் தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டார். தொழுவ வாசனை அடித்தது, கதகதப்பாக இருந்தது. "நாப்பத்திமூணு" என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிக்கொண்டார். பிறகு கைப்பேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, எந்தப் பாதை, எந்தத் திருப்பம் என்று சொல்லி, வழி தெரியவில்லை என்று ஓட்டுநர் திரும்பிப் போய்விடக்கூடாது என்று மிரட்டியும் வைத்தார். அவர்கள் வந்து சேரும்வரை எவர்ட்டுக்குப் பின்னால் பனியில் உட்கார்ந்து, தன் முதுகை அவர் முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அந்த அரைமணி நேரமும் தபால் பெட்டியைப் பற்றித்தான் பேசினார். தூங்கிவிடக்கூடாதே என்றுதான் பேசுகிறார் என்பது எவர்ட்டுக்குப் புரிந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதில் சொன்னார்.

மருத்துவமனைக்கும் இங்கெயார்ட் கூடவே வந்தார். பசுக்களை ரோபோ கறந்துகொள்ளும் என்றார். நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, நெருங்கிய உறவினர் யார் என்று கேட்டாள். அக்கா, நார்வே என்றார் எவர்ட். உள்ளூரில்? எவர்ட் போர்வையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா காத்திருந்தது.

"என் நம்பரை எழுதிக்க" என்றார் இங்கெயார்ட், பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டே. "இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தக் காரை யாரு எடுக்கறது?"

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தகடு வைத்து, ஆறு வாரத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். போன்டுஸ் பூச்செண்டோடு வந்து, சமையலறையில் உட்கார்ந்து, தன்னை மன்னிக்கவே முடியாது என்றார். எவர்ட், உன் மகள் ஜெயித்தாளா என்று கேட்டார். தோற்றுப்போனாளாம். சங்கத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை தபாலில் வந்தது. மீதி ஒன்பது கொடிகளையும் எடுக்கப் போனவர்களுக்கு இரண்டு கிடைக்கவில்லை. எவர்ட் தொலைபேசியில் வழி சொல்லச் சொல்லத் தேடி எடுத்தார்கள். அந்த அரைமணி நேரம் அவருக்கு நன்றாக இருந்தது. பிறகு வீடு பழையபடி ஆயிற்று. கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தால், எதிர் வரிசைக் கூரைகளும், அவற்றின் புகையும்.

கார் மட்டும் இங்கெயார்டின் முற்றத்தில்தான் நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பொருமினார். உன் காரைச் சுத்தி நான் பனி தள்ள வேண்டியிருக்கு, உன் கார் மேல பூனை படுத்துக் கிடக்கு, உன் கார்ல ஒரு டயர் காத்து இறங்கிடுச்சு. யாரையாவது அனுப்பி எடுத்துவிடட்டுமா என்று எவர்ட் ஒருமுறை கேட்டார். "யாரையும் அனுப்ப வேண்டாம், நீயே வந்து எடு" என்று வைத்துவிட்டார். ஞாயிறு மதியம் எவர்ட் காபியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

ஏப்ரல் தொடக்கத்தில் பேருந்தில் போய்க் காரை எடுத்து வந்தார். புதிய தபால் பெட்டி ஒன்றும் வாங்கிக் கொண்டுபோய் நட்டுக் கொடுத்தார். இங்கெயார்ட் அது கோணலாக இருக்கிறது என்றார். இருந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. அடிக்கக் காரணம் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். மேசையில் வரைபடத்தை விரித்தார், மடித்தார். ஜன்னலைத் துடைத்தார். நாலு மணி வாக்கில் தொலைபேசியை எடுத்து எண்ணைப் போட்டு, முதல் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். ஒரு காரணத்தோடு பேச அவருக்குத் தெரியும். அனுமதி கேட்கத் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியும். இரண்டாவது முறை எண்ணைப் போட்டபோது எழுந்து நின்றுகொண்டார்.

"யாரு?" என்றது அந்தப் பக்கம். பின்னால் ஏதோ யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எவர்ட்."

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

அந்தப் பக்கம் யந்திரத்தை நிறுத்தினார்.

"எட்டு மாசக் கெடேரிக் கன்னு ஒண்ணு மூணு நாளா திங்க மாட்டேங்குது" என்றார் இங்கெயார்ட். "டாக்டரு வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லங்கறான். அவனுக்கு என்ன தெரியும்?"

எவர்ட்டுக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது என்று கேட்டு வைத்தார். அந்த அம்மாள் சொன்னார். தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டார். அதையும் சொன்னார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். தொழுவத்துக்குப் போக வேண்டும் என்று அவர் வைத்துவிட்டார். எவர்ட் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். வெளியே கூரைகளில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கூப்பிட்டுக் கெடேரி தின்றதா என்று கேட்கலாமா, அதற்கு இரண்டு நாள் விட வேண்டுமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.